ஏறும், இறங்காது

'சிந்து பைரவி' (1985) படத்தில் யேசுதாஸ் பாடிய 'கலைவாணியே'. ராகம் கல்யாணிதான், ஆனால் இளையராஜா ஆரோகணத்தை, அதாவது ஸ்வரங்கள் மேலேறும் வரிசையை மட்டும் வைத்து மெட்டைக் கட்டிவிட்டார். ச ரி க ம ப த நி என்று ஏறும். கீழே வர வேண்டுமென்றால் படிப்படியாக இறங்காது. ஒரே தாவாகத் தாவி, மறுபடி ஏறத் தொடங்கும். ஆசுவாசமாக இறங்கி உட்கார இடமே இல்லை. கெஞ்சல் போல நெஞ்சைப் பிடிப்பது அதனால்தான் என்பேன்.

பாடிப் பார்ப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வரி முடிவில். பழக்க தோஷத்தில் தொண்டை தானாக 'நி த ப' என்று உருண்டுவிடும், போச்சு! ஸ்ருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு, சொற்களை ஒதுக்கிவிட்டு, முதலில் வெறும் ஸ்வரமாகப் பாதி வேகத்தில் பாடுங்கள். மத்திமத்தில், அதாவது 'ம'வில் கவனம். அது அரை ஸ்வரம் தாழ்ந்தால் சங்கராபரணம் என்ற வேறு ராகம் எட்டிப் பார்க்கும்.