அடுத்தவர் தோல்வியின் மீது ஒரு கணக்கு

கூடைப்பந்து ரசிகர்கள் அதிகம் பேசுவது ஆட்டம் இல்லாத மாதங்களில்தான். நம் நேரப்படி ஜூன் 23 ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி, இந்தியானா பேசர்ஸ் அணியை ஏழாவது ஆட்டத்தில் வென்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவின் 2025 ஆம் ஆண்டுக் கோப்பையைக் கைப்பற்றியது. அன்று மாலைக்குள் கீழக்கரையில் நாங்கள் ஆடும் சிமெண்டுத் தளத்தில் அந்த வெற்றியைப் பற்றிய பேச்சு ஓய்ந்து, யாரை யாருக்கு மாற்றுவார்கள், எந்த அணி எந்த இளைஞனை எடுக்கும் என்ற பேச்சு தொடங்கிவிட்டது. ஜூலை பிறந்த பிறகும் அது நிற்கவில்லை. கச்சான் காற்று ஓங்கி வீசும் அந்த நாட்களில் தொலைவிலிருந்து எறியும் பந்து எதுவும் வளையத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்பதால், ஆட்டம் சுருங்கி வாதம் நீண்டுகொண்டிருந்தது.

இந்தக் கரையோர ஊர்களில் என்பிஏ பார்ப்பவர்கள் மிகச் சிலர். ஆனால் அந்தச் சிலரும் தீவிரமானவர்கள். அமெரிக்காவில் இரவு ஆட்டம் என்றால் இங்கே விடியற்காலை. சுபுஹு தொழுதுவிட்டு வருகிறவர்களுக்கும், கடலுக்குப் போகாத நாளிலும் பழக்கத்தால் விழித்துக்கொள்கிறவர்களுக்கும் அது தோதான நேரம். எங்கள் கூட்டத்தில் மூத்தவர், துபாயில் பல காலம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த ஒரு காக்கா (எங்கள் ஊர் வழக்கில் அண்ணன்). டிம் டங்கன் காலத்திலிருந்து சான் ஆன்டோனியோ அணியின் ரசிகர். பாம்பனிலிருந்து கல்லூரிக்கு வரும் தம்பி ஒருவன் இருக்கிறான். விசைப்படகுத் தொழிலில் இருக்கும் குடும்பம். எங்கள் வளையத்தில் தொங்கும் வலையே அவன் வீட்டு நைலான் நூலில் அவன் கையால் முடிந்ததுதான். கடையில் வாங்கும் வலை இந்த உப்புக்காற்றில் சீக்கிரமே நைந்துவிடும். இவன் முடிந்ததில் கண்ணி சற்றுப் பெரிதாக இருந்தாலும், இரும்பு வளையம் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரத் தொடங்கிய பிறகும் அது அப்படியே தொங்குகிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் லேக்கர்ஸ் ரசிகர்கள். உலகத்தில் எந்த நல்ல வீரரும் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தே தீருவார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. 2025 பிப்ரவரியில் டல்லாஸின் நட்சத்திரம் லூகா டான்சிச் அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த நம்பிக்கைக்கு மருந்தே இல்லாமல் போய்விட்டது.

“காக்கா, ரீவ்ஸையும் ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கையும் கொடுத்தா யானிஸைத் தூக்கிரலாம்” என்றான் அவர்களில் ஒருவன்.

“கொடுக்குறது சரி தம்பி, வாங்கிக்கிறவன் சம்மதிக்கணும்ல?” என்றார் காக்கா.

யானிஸ் அப்போது மில்வாக்கி அணியின் நட்சத்திரம், ரீவ்ஸ் லேக்கர்ஸின் ஆட்டக்காரர்; பிக் என்பது, புதிய இளைஞர்களை அணிகள் ஆண்டுதோறும் வரிசையாக எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில் ஓர் அணிக்குள்ள தேர்வு உரிமை. மில்வாக்கி சம்மதித்தாலும் விதி சம்மதிக்காது என்பதுதான் இதில் சுவையான பகுதி. 2025-26 பருவத்துக்கான சம்பள உச்சவரம்பு ஏறத்தாழ 15.46 கோடி டாலராக இருந்தது. அந்த வரம்பைத் தாண்டிய அணி ஒரு வீரரை வாங்க வேண்டுமென்றால், தான் அனுப்பும் சம்பளமும் தனக்கு வரும் சம்பளமும் ஏறத்தாழ ஈடாக இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் யானிஸ் அன்டெட்டோகௌன்போவின் சம்பளம் சுமார் 5.4 கோடி, ஆஸ்டின் ரீவ்ஸின் சம்பளம் சுமார் 1.4 கோடி. நடுவில் இருக்கும் நான்கு கோடியை அணியின் ஆர்வத்தால் நிரப்ப முடியாது. 2025 கோடையில் கெவின் டூரன்ட் ஹூஸ்டனுக்குப் போனபோது பீனிக்ஸுக்கு ஏன் ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ் இருவருமே போனார்கள் என்றால், இருவர் சம்பளத்தையும் கூட்டினால்தான் டூரன்ட்டின் ஐந்தரைக் கோடியை எட்டிப் பிடிக்க முடியும்.

அந்த இரண்டு பிக்குகளைக் கொடுக்கவும் லேக்கர்ஸால் முடியாது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் தன் முதல் சுற்றுத் தேர்வுகளை வாரி இறைத்ததன் விளைவாக ஒரு விதி வந்தது. அடுத்தடுத்த இரண்டு வருங்கால ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வே இல்லாத நிலைக்கு எந்த அணியும் தன்னை ஆளாக்கிக்கொள்ளக் கூடாது என்பது அது. ஏழு ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள தேர்வை விற்கவும் முடியாது. லேக்கர்ஸின் 2027 தேர்வு அப்போது நிபந்தனையோடு யூட்டாவிடம் இருந்தது. 2029 தேர்வு லூகாவுக்காக டல்லாஸுக்குப் போய்விட்டது. ஆகவே இவற்றை ஒட்டிய ஆண்டுகளையெல்லாம் தொட முடியவில்லை. மிஞ்சியது 2031 அல்லது 2032, அதிலும் ஏதாவது ஒன்றுதான். கணக்குப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இதை நான் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். அவர்கள் மறுநாளே அதே யோசனையை வேறு இரண்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. வீரர் சங்கத்தோடு என்பிஏ செய்துகொண்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த ‘செகண்ட் ஏப்ரன்’ என்ற மேல்வரம்பு 2025-26 பருவத்தில் சுமார் 20.78 கோடி டாலராக இருந்தது. அதைத் தாண்டிய அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்க முடியாது. 2024 இல் கோப்பை வென்ற பாஸ்டன், 2025 மே மாதம் அதன் வீரர் ஜேசன் டேட்டம் குதிகால் தசைநார் அறுந்து விழுந்ததும், ஜூரூ ஹாலிடேயைப் போர்ட்லாண்டுக்கும் கிறிஸ்டாப்ஸ் பொர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது அந்த வரம்புக்குக் கீழே இறங்குவதற்காகத்தான். பாஸ்டன் ரசிகன் ஒருவன் எங்களிடம் இருக்கிறான். அணி நிர்வாகம் துரோகம் செய்துவிட்டது என்கிறான். வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் அவர்களுக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சம்பளக் கணக்கில் நேரும் பிசகு பெரிய குறையல்ல. கைபேசியில் இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். வருங்கால பிக்கைப் பற்றி வாதிடும்போது எல்லோரும் வரப்போகும் இளைஞனைப் பற்றியே பேசுகிறார்கள், அந்த பிக்கை விற்ற அணியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்குக் குறையாகப் படுவது அதுதான். தோற்கும் அணிக்கு முன்வரிசைத் தேர்வும் ஜெயிக்கும் அணிக்குப் பின்வரிசைத் தேர்வும் கிடைக்கும் என்பதே டிராஃப்டின் அடிப்படை. ஆகவே இன்னோர் அணியின் 2029 தேர்வை வாங்குகிறவர், அந்த ஆண்டு அந்த அணி எவ்வளவு சரிந்து கிடக்கும் என்பதைத்தான் விலை கொடுத்து வாங்குகிறார். பாம்பன் தம்பிக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. இனிமேல் பிடிபடப்போகும் மீனுக்காகப் படகுக்காரரிடம் வியாபாரி முன்பணம் கொடுத்து வைப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவன் அவன். முன்பணம் கொடுக்கிறவர் மீனை எங்கே பார்க்கிறார், படகையும் அதை ஓட்டுகிறவரையும்தானே பார்க்கிறார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டான்.

2013 இல் புரூக்ளின் நெட்ஸ் உடனடியாகக் கோப்பை வெல்ல வேண்டுமென்ற அவசரத்தில் பாஸ்டனிடமிருந்து கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் வாங்கியது. அப்போது கார்னெட்டுக்கு வயது 37, பியர்ஸுக்கு 35. பதிலுக்கு 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும், 2017 இல் இரு அணிகளின் தேர்வுகளை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. வாங்கிய இருவரும் ஓய்ந்துபோனார்கள், அணி மூழ்கியது, மூழ்கிய அணிக்குக் கிடைக்க வேண்டிய நல்ல தேர்வுகளோ வேறொருவர் கையில் இருந்தன. 2016 இல் அந்த வழியாக வந்த மூன்றாம் தேர்வில் பாஸ்டன் ஜேலன் பிரவுனை எடுத்தது. 2016-17 பருவத்தில் புரூக்ளின் இருபதே ஆட்டங்கள் வென்று கடைசி இடத்துக்கு வர, முதல் தேர்வு பாஸ்டனுக்குப் போனது. பாஸ்டன் அதை ஃபிலடெல்பியாவிடம் கொடுத்து மூன்றாம் இடத்துக்கு இறங்கி டேட்டமை எடுத்தது. ஒப்பந்தம் நடந்த நாளில் பிரவுனுக்கு 16 வயது, டேட்டமுக்கு 15. அன்றைக்கு அந்தப் பையன்களை ஆராய்ந்து எந்த ரசிகரும் இந்த வியாபாரத்தை எடை போட்டிருக்க முடியாது. கார்னெட்டின் முழங்காலைப் பார்த்து எடை போட்டிருக்கலாம்.

2025 கோப்பை வென்ற தண்டர் அணியும் அப்படி உருவானதுதான். 2019 இல் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும், ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளையும் இன்னும் சில உரிமைகளையும் வாங்கினார்கள். 2021-22 பருவம் முழுவதும் கவாய் லெனர்ட் முழங்கால் காயத்தால் ஆடாமல் போக, கிளிப்பர்ஸ் பிளேஆஃபுக்கே வரவில்லை. அதனால் அவர்களுடைய தேர்வு 12 ஆம் இடத்தில் விழுந்தது. அந்த இடத்தில் ஓக்லஹோமா எடுத்த ஜேலன் வில்லியம்ஸ் இல்லாமல் இந்தக் கோப்பை இல்லை.

எந்த அணி யாரை எடுக்கும் என்று முன்பே ஊகித்து மாதிரி டிராஃப்ட் பட்டியல் போடுவதில் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. மேரிலாண்ட், டியூக் பல்கலைக்கழகங்களில் ஆடும் பையன்களை நாங்கள் பார்ப்பது இரண்டு நிமிடக் காணொளித் துண்டுகளில். அதில் யாருமே பந்தைத் தவறவிடுவதில்லை. 2014 இல் நிக்கோலா யோக்கிச்சை 41 ஆம் தேர்வாக அறிவித்தபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் மூன்று முறை ஆண்டின் சிறந்த வீரரானார். அடுத்த ஆண்டு 52 ஆம் தேர்வாக டல்லாஸ் எடுத்த பஞ்சாபின் சத்னாம் சிங், தேர்வான முதல் இந்தியர், ஒரு என்பிஏ ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை. அவர் தேர்வான நாளில் இந்தப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளிடம் இருந்த உற்சாகத்தை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

டிராஃப்டின் முதல் சில இடங்கள் யாருக்கு என்று குலுக்கிப் பார்க்கும் லாட்டரி மட்டும் விதிவிலக்கு. அதை யாராலும் அலச முடியாது என்பதாலேயே அதில் எல்லோரும் சமம். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003 இல் ஒழிந்தது. எங்களுக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 14 பந்துகளிலிருந்து நான்கை எடுத்தால் 1001 சேர்வுகள் வரும். ஒன்றை ஒதுக்கிவிட்டு ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிடுகிறார்கள். பதினோராம் வகுப்புக் கணக்கில் சேர்வுகளைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்கு வாய்க்கவில்லை. 2025 மே மாத லாட்டரியில் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140 சேர்வுகள் இருந்தன. டல்லாஸுக்கு இருந்தவை 18. வென்றது டல்லாஸ், கூப்பர் ஃபிளாகை எடுத்தது. ஆட்டங்களை அதிகம் தோற்ற யூட்டா ஐந்தாம் இடத்துக்கும் வாஷிங்டன் ஆறாம் இடத்துக்கும் தள்ளப்பட்டன. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அன்று விடிகாலை நாலரை மணிக்குப் பாம்பன் தம்பியின் அண்ணன்மாரும் கரையில்தான் இருந்தார்கள்; லூகாவைக் கொடுத்ததற்கு ஈடாக என்பிஏ கமிஷனரே பார்த்துக் கொடுத்துவிட்டார் என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். கணக்கு அதற்கு ஆதாரம் தரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

லூகா விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் கூடைப்பந்துச் செய்தியாளர் ஷாம்ஸ் சரானியாவின் செய்தி வந்தபோது அவருடைய கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்றே உலகம் முழுவதும் பலர் நினைத்தார்கள். டல்லாஸிலிருந்து லூகா போகிறார், பதிலுக்கு லேக்கர்ஸின் அந்தோணி டேவிஸ் வருகிறார் என்பதை ஆண்டு முழுவதும் இதையே தொழிலாகப் பேசுகிறவர்களில் ஒருவர்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. இதைக் காட்டி, ஊகமே வீண் வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு மேலாளரின் மனத்தில் இருப்பதை ஊகிப்பது வீண்தான். ஆனால் விதியும் வயதும் சம்பளமும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கின்றன.

2025 ஜூலையில் எங்கள் தளத்தில் நடந்த பெரிய வாதம் அந்த வகையைச் சேர்ந்தது. அந்த ஆண்டு டிராஃப்ட் நாளன்று நியூ ஆர்லியன்ஸ் பெலிக்கன்ஸ், 13 ஆம் இடத்துக்கு ஏறி டெரிக் குவீனை எடுப்பதற்காக, 23 ஆம் தேர்வோடு 2026 ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் முன்வரிசையில் விழுந்தால் தானே வைத்துக்கொள்ளலாம் என்பது போன்ற எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லாமல் அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டது. நியூ ஆர்லியன்ஸ், மில்வாக்கி இரண்டின் தேர்வுகளில் எது மேலானதோ அது அட்லாண்டாவுக்கு. ஒரே சீட்டில் இரண்டு அணிகளின் சரிவு. யானிஸ் வேறு அணிக்குப் போவார் என்ற பேச்சு மே மாதத்திலிருந்தே இருந்தது. மில்வாக்கியோ, குதிகால் தசைநார் அறுந்த டேமியன் லில்லார்டை விடுவித்து, அவருக்குத் தர வேண்டிய சுமார் 11.3 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பிப் போட்டு, அந்த இடத்தில் மைல்ஸ் டர்னரைக் கொண்டுவந்திருந்தது. யானிஸ் போனால் அந்த அணி தரைதட்டும் என்பது காக்காவின் கணிப்பு. யானிஸ் இருக்கும்வரை மில்வாக்கி நாற்பது ஆட்டங்களுக்குக் குறையாமல் வெல்லும் என்பது என் எண்ணமாக இருந்தது; நான் பார்த்தது நியூ ஆர்லியன்ஸை. 2024-25 பருவத்தில் 61 ஆட்டங்கள் தோற்ற அணி; ஸயான் வில்லியம்சன் ஆடியது 30 ஆட்டங்கள்; டிஜோன்டே மர்ரேயும் குதிகால் காயத்தில் இருந்தார். இந்த நிலையில் அடுத்த ஆண்டுத் தேர்வைப் பாதுகாப்பில்லாமல் விற்றது சமீபத்திய வியாபாரங்களிலேயே துணிச்சலானது. அறிவானது என்று சொல்ல மாட்டேன். அக்டோபரில் பருவம் தொடங்கியதும் நியூ ஆர்லியன்ஸின் முடிவுகளை நான் எழுதி வைப்பதாகவும், மில்வாக்கியைக் காக்கா எடுத்துக்கொள்வதாகவும் பேசி முடித்தோம். லேக்கர்ஸ் ரசிகர்கள் இதில் சேரவில்லை; யானிஸுக்கு எந்த எண் ஜெர்சி என்பதில் அவர்களுக்குள் தகராறு.