இரண்டு வோல்ட்டும் அரை வோல்ட்டும்

ஜூன் 8

அம்மா ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார். எனக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைப்பதே அதற்குப் பிறகுதான். இதுவரை ரிசீவரின் (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) முன்பக்கத் துளையில் சென்ஹைசர் எச்.டி. 650 ஹெட்ஃபோனைச் சொருகிக் கேட்டுவந்தேன். மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) கொஞ்சம் உப்பலாகக் கேட்கும், ஒரு அடியின் ஒலி அடங்குமுன் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்ளும். ஹெட்ஃபோனின் சுபாவம் அது என்று நினைத்திருந்தேன். இன்று நண்பர் வீட்டுக்கு அதை எடுத்துப்போய், அவருடைய சின்ன ஹெட்ஃபோன் ஆம்பில் (சிக்னலைப் பெருக்கித் தரும் கருவி) அதே தனியாவர்த்தனத்தைக் கேட்டேன். தொப்பி அடிகள் தனித்தனியாக, இறுக்கமாக விழுந்தன. வீடு திரும்பும் வழியெல்லாம் அதே நினைப்புதான்.

ஜூன் 9

ரிசீவரை அளந்துவிட்டேன். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு சிடியில் பதிந்து ஓடவிட்டு, ஹெட்ஃபோன் துளையில் சரியாக 1 வோல்ட் வரும்படி வால்யூமை நிறுத்தினேன். பிறகு 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டேன். மீட்டர் 0.23-க்கு இறங்கியது. கணக்குப் போட்டால் ரிசீவரின் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது சிக்னல் வெளியேறும் வழியில் உள்ளேயே இருக்கும் தடை, ஏறத்தாழ 335 ஓம். ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலையே பெரிய ரெசிஸ்டர் வழியாக இறக்கி ஹெட்ஃபோனுக்குக் கொடுப்பது ரிசீவர்களில் பழைய வழக்கம்.

உப்பலுக்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. எச்.டி. 650-ஐ 300 ஓம் என்று சொன்னாலும், 80 முதல் 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500 ஓம் அளவுக்கு எழும்பும். முன்னால் 335 ஓம் நிற்கும்போது, அந்த இடத்தில் மட்டும் ஹெட்ஃபோனுக்கு அதிகப் பங்கு வோல்ட் போகிறது. சுமார் 2 டெசிபல் மேடு. தொப்பி ஒலிக்கிற இடமும் அதுவே. ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் போகக்கூடாது என்பார்கள். 300-க்கு 37 ஓம் வரை சரி.

ஜூன் 15

ஹெட்ஃபோனுக்கென்று தனி ஆம்ப் வேண்டும், ஆனால் பெரிய வாட் எதுவும் தேவையில்லை. 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் தரும் ஹெட்ஃபோன் இது. உச்சத்தில் 110 டெசிபல் வேண்டுமென்றாலும் 2.2 வோல்ட் போதும், அது வெறும் 17 மில்லிவாட். ஆகவே 2011-ல் வெளிவந்த ஓ2 என்ற ஹெட்ஃபோன் ஆம்ப் வடிவமைப்பையே கட்டித்தரச் சொல்லி நண்பரிடம் கேட்டேன். அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் அரை ஓம் அளவுதான். சர்க்யூட்டை வடிவமைத்தவர் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டு, ஒவ்வொரு முடிவுக்கும் காரணமும் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. டிசி அடாப்டர் இதற்கு ஆகாது, ஏசியாகவே வெளியே தருவது வேண்டும். அதைச் சென்னை ரிச்சி தெருவில் நாலைந்து கடை ஏறி இறங்கி வாங்கினேன்.

ஜூன் 22

ஆம்ப் வந்துவிட்டது. முதலில் அப்பாவின் இசைத்தட்டுகள். கெயின் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது என்ற அளவு) பொத்தானைத் தாழ்வில் வைத்தால் வால்யூம் குமிழைக் கடைசிவரை திருப்பியும் போதவில்லை. உயர்வுக்கு மாற்றினேன். வீணையின் கமகம் கம்பியில் இழைவது அப்படியே காதில் விழுந்தது. இரண்டு மணி வரை தூங்கவில்லை.

ஜூன் 23

சிடியில் நாகஸ்வரம் போட்டேன். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போதெல்லாம் வாயில் வைத்து ஊதும் சீவாளியே கிழிந்ததுபோல் ஒரு கரகரப்பு. வால்யூமை நன்றாகக் குறைத்தும் பார்த்தேன். சத்தம் குறைந்தது, கரகரப்பு போகவில்லை.

ஜூன் 24

கேபிளை மாற்றினேன். வேறு சிடி போட்டேன். அப்படியேதான் இருக்கிறது. இசைத்தட்டில் மட்டும் துளி கரகரப்பு இல்லை.

ஜூன் 29

நண்பரிடம் போனில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கெயின் எதில இருக்கு?"

உயர்வில்தான் இருந்தது. 22-ஆம் தேதி இசைத்தட்டுக்காக மாற்றியவன் அப்படியே விட்டிருக்கிறேன். ஓ2-வில் கெயின் முதலில், வால்யூம் குமிழ் அதற்குப் பின்னால். குமிழின் இரைச்சல் பெருக்கப்படாமல் இருக்கவே இந்த வரிசை. ஆனால் உள்ளே வரும் சிக்னல் அதிகமானால் குமிழுக்கு வருமுன்பே அந்த அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். அதற்குப் பிறகு குமிழைக் குறைத்தால், வெட்டுப்பட்ட ஒலியே சின்னதாகக் கேட்கும்.

சிடி பிளேயரின் முழு அளவு 2 வோல்ட். உயர்ந்த கெயின் 6.5 மடங்கு. 13 வோல்ட் கேட்கிறோம், ஆம்பால் முடிவது சுமார் 7. இசைத்தட்டின் கதை வேறு. ஊசியிலிருந்து வருவது 5 மில்லிவோல்ட், இசைத்தட்டு சிக்னலை முதலில் பெருக்கும் போனோ பிரீஆம்ப் அதை நூறு மடங்காக்கினால் அரை வோல்ட். அதை 6.5-ஆல் பெருக்கினாலும் மூன்றேகால்தான்.

மீட்டரிலும் பார்த்துவிட்டேன். முழு அளவில் ஓர் ஒலி, அதிலிருந்து 10 டெசிபல் குறைத்து இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் 3.16 மடங்கு வித்தியாசம் இருக்கவேண்டும். உயர்ந்த கெயினில் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது. குமிழ் எங்கே நின்றாலும் அதே விகிதம். கெயினைத் தாழ்த்தியதும் 3.1 காட்டியது.

ஜூன் 30

தாழ்ந்த கெயின் 2.5 மடங்கு. சிடிக்கு 5 வோல்ட், ஆம்புக்குத் தாராளமாக இடமிருக்கிறது. நாகஸ்வரம் ஏறிய இடமெல்லாம் சுத்தமாக ஏறியது. இன்னொரு லாபமும் உண்டு. உயர்ந்த கெயினில் குமிழைத் தொடக்கத்திலேயே நிறுத்தவேண்டி வரும், அந்த இடத்தில் பாடகர் சற்று இடப்பக்கம் சாய்ந்து கேட்பார். குமிழுக்குள் இடது, வலது இரண்டு பக்கமும் அடிமட்டத்தில் ஒத்துப்போவதில்லை. இப்போது குமிழ் பாதியில் நிற்கிறது, குரலும் நடுவில் நிற்கிறது.

ஜூலை 6

பொத்தானுக்கு மேல் சின்னக் காகிதம் ஒட்டினேன்: உள்ளே அழுத்தினால் இசைத்தட்டு, வெளியே வந்தால் சிடி. சாயங்காலம் அம்மாவுக்கு ஹெட்ஃபோனை மாட்டி அப்பாவின் எச்.எம்.வி. தட்டு ஒன்றைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "இந்தத் தட்டுல இங்க ஒரு கீறல் இருக்கும்டா, இப்ப வரும் பாரு" என்றார். வந்தது.