ஆறு வருசமா டிஸ்க்குன்னு நெனச்சிட்டிருந்த முதுகு வலி

திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் செக்சன்ல இருக்கேன்ங்க. நாள் பூரா டேபிள் முன்னாடி நின்னு குனிஞ்சு வேலை, அதனால 2015ல, 24 வயசுல இடுப்பு வலி ஆரம்பிச்சப்ப வீட்ல யாரும் பெருசா எடுத்துக்கல, நானும்தான்.

ஆனா ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வேலை செஞ்சா வலி கூடணும், ரெஸ்ட் எடுத்தா குறையணும், அதானே மொறை? எனக்கு அப்படியே உல்டா. ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் படுத்திருந்தா அன்னைக்குத்தான் செத்தேன். ராத்திரி மூணு மூணரைக்கு முழிப்பு தட்டிடும், பொரளக்கூட முடியாது, ஜன்னல் கம்பியப் புடிச்சு ஒருக்களிச்சு, ஒரு காலக் கீழ விட்டு, மெதுவா எந்திரிச்சு ஹால்ல அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கணும். காலைல பல்லு வெளக்கிட்டு துப்பறதுக்குக் குனிய வராது, வாஷ்பேசின்ல ரெண்டு கையவும் ஊணி முட்டிய மடக்கித்தான் துப்புவேன். ஆனா கம்பெனி போயி ஒரு மணி நேரம் வேலை பாத்தா பாதி வலி காணாம போயிரும். அதுலயும் ஒரு வாரம் வலது பக்கம் புட்டத்துல வலி, அடுத்த வாரம் இடது பக்கம்.

இதெல்லாம் டாக்டர்கிட்ட சொன்னனான்னு கேட்டா, சொல்லல. யாரும் கேக்கல, எனக்கும் இது சொல்ற விசயம்னு தெரியல. மொத டாக்டர் ஊசி போட்டு பெல்ட் குடுத்தாரு. ரெண்டாவது டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி, எல்4 எல்5ல, அதாவது இடுப்புப் பக்கம் முதுகெலும்புல நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல, டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு, மூணு வாரம் பெட்ரெஸ்ட்டுன்னுட்டாரு. அந்த மூணு வாரம் மாதிரி நரகம் நான் பாத்ததில்ல. (வலியே இல்லாத நெறைய பேருக்கும் எம்ஆர்ஐ எடுத்தா டிஸ்க் பிதுங்கின மாதிரி தெரியுமாம், அது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது.) நடுவுல எண்ணெய் தடவி கிழி ஒத்தடம், ரெட்டையாப் பொறந்தவங்க மிதிச்சா பிடிப்பு விட்ரும்னு அம்மா ஒரு பையனக் கூட்டியாந்து முதுகுல ஏத்தி விட்டது, எல்லாம் நடந்துச்சு. ஒத்தடம் நெசமாவே சொகமாத்தான் இருந்துச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு. ஒரு எடத்துல ஆபரேசன் பண்ணிடலாம்னாங்க, அப்பா நகையக் கூட எடுத்து வெச்சுட்டாரு, நாந்தான் பயந்து போகல.

2021ல ஒரு நாள் வலது கண்ணு செவந்துச்சு. மெட்ராஸ் ஐன்னு கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு சுத்துனேன், ஆனா பீளை இல்ல, கண்ணு ஒட்டல, டியூப்லைட்ட பாத்தாலே உள்ள குத்துது. கண் டாக்டர் பாத்துட்டு இது யுவியைட்டிஸ், கண்ணுக்குள்ள வர்ற வீக்கம்னு சொட்டு மருந்து எழுதிட்டு, தலையக்கூட தூக்காம, "முதுகு வலி இருக்கா?"ன்னாரு. எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. கண்ணுக்கும் முதுகுக்கும் என்னய்யா சம்பந்தம்! அவருதான் ருமட்டாலஜிஸ்ட், அதாவது வாத நோய் டாக்டர்னு தனியா இருக்காங்க, போய்ப் பாருன்னு அனுப்புனாரு.

கோயமுத்தூர் போனேன். அங்க அந்த வாத நோய் டாக்டரம்மா கேட்ட மொத கேள்வியே காலைல எப்படி இருக்கும், சாயங்காலம் எப்படி இருக்கும்ங்கறதுதான். ஆறு வருசமா யாரும் கேக்காத கேள்வி. அப்புறம் டேப்ப எடுத்து இடுப்புக்கு மேல பேனால பத்து சென்டிமீட்டருக்கு ரெண்டு கோடு போட்டு குனியச் சொன்னாங்க. குனிஞ்சா அந்தப் பத்து பதினஞ்சாவது ஆகணுமாம், எனக்குப் பன்னெண்டரைல நின்னுடுச்சு. செவுத்துல குதிகாலும் முதுகும் ஒட்ட நிக்க வெச்சு தலை ஒட்டுதான்னு பாத்தாங்க. ரத்தத்துல ஹெச்எல்ஏ பி27ன்னு ஒரு மரபணு அடையாளம் பாசிட்டிவ். அது இருந்தா மட்டும் வியாதின்னு அர்த்தமில்ல, இருக்கற முக்கால்வாசிப் பேருக்கு மேல ஒண்ணுமே வராதுன்னும் சொன்னாங்க. பழைய எம்ஆர்ஐ இடுப்புப் பக்க முதுகெலும்போட நின்னுடுச்சு, இந்தத் தடவ அதுக்குக் கீழ எஸ்ஐ ஜாயிண்ட்டுக்குன்னே, அதாவது முதுகெலும்போட அடி இடுப்பெலும்போட சேர்ற மூட்டுக்குன்னே, எடுத்தாங்க, ரெண்டு பக்கமும் வீக்கம். பேரு ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். நம்ம எதிர்ப்பு சக்தியே நம்ம முதுகெலும்ப நோண்டற வியாதி, விட்டா எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமாம். கண்ணு செவந்ததும் இதோட வேலைதானாம்.

மருந்து மந்திரம் மாதிரியெல்லாம் வேலை செய்யல. மொத மாத்திரை ஒரு மாசம் கேக்கல, ரெண்டாவது மாத்திரை கொஞ்சம். அப்புறம்தான் எதிர்ப்பு சக்திய அடக்கற அடாலிமுமாப் ஊசி, 40 மில்லிகிராம், ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு. அதுக்கு முன்னாடி டிபி இருக்கான்னு ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் பாக்காம போடவே மாட்டாங்க, உடம்புக்குள்ள தூங்கற டிபிய இந்த ஊசி எழுப்பி விட்ருமாம். வெலையக் கேட்டு வாயடைச்சுப் போச்சு, 2014 கடைசில இருந்து இந்தியாவுலயே தயாரிக்கறாங்க, அதனாலதான் இந்த அளவுக்காவதுன்னு மெடிக்கல்ல சொன்னாங்க. ஃப்ரிட்ஜுல மாவு டப்பாவுக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன், வயித்துல நானே போட்டுக்குவேன். மூணாவது ஊசிக்கு அப்புறம் ஒரு நாள் முழிச்சுப் பாத்தா மணி ஆறு. மூணு மணிக்கு எந்திரிக்கவே இல்ல. தினம் அரை மணி நேரம் எக்சர்சைஸ் உண்டு, அத நாலு நாள் விட்டா உடம்பு காட்டிக் குடுத்துரும். சிகரெட்ட விடச் சொன்னாங்க, விட்டாச்சு, ஊசி போட்டுக்கறதக் காட்டிலும் அதுதான் கஷ்டம். கழுத்து மட்டும் பழைய மாதிரி திரும்பாது, வண்டில கண்ணாடி பாத்துத்தான் ஓட்டறேன்.

வீட்ல வேற யாருக்காவது இருக்கான்னு மொத நாளே கேட்டாங்க, இல்லைனுட்டேன். திரும்பி வர்றப்ப பஸ்ல அவிநாசி தாண்டறப்பதான் அப்பிச்சி ஞாபகம் வந்துச்சு. அம்மாவோட அப்பா. பின்னாடி இருந்து கூப்புட்டா கழுத்தத் திருப்ப மாட்டாரு, முழு ஆளா திரும்புவாரு. கிணறு வெட்டுன உடம்பு, அதான் கூன் விழுந்துருச்சும்பாங்க.

தம்பி ரெண்டு மாசமா காலைல குதிகால் ஊண முடியலங்கறான். ரெண்டு தடவ செருப்பு மாத்திப் பாத்துட்டான். வர்ற சனிக்கிழமைக்கு அவனுக்கும் சேத்து அந்தம்மாகிட்ட டோக்கன் சொல்லி வெச்சிருக்கேன்.