கொடைக்கானல் விடுதியில் ஹென்றி ரோலின்ஸ்

நம் விடுதிக்கு ‘பிளாக் ஃப்ளாக்’ என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் கேசட்டைக் கொண்டுவந்தது எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த அண்ணன். ஏழு ரோடு சந்திப்பில் பழக்கமான ஒரு வெளிநாட்டு மாணவர் கொடுத்தது. வார்டன் ஐயா இரவு ரவுண்டு முடித்துப் போனதும், டேப்பைக் கம்பளிக்குள் வைத்துக் கேட்போம். பாதிப் பேர் ‘என்னடா இந்தக் கத்தல்’ என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

பாடியவர் ஹென்றி ரோலின்ஸ். 1961 பிப்ரவரி 13 அன்று வாஷிங்டனில் பிறந்தவர். அங்கே ஐஸ்கிரீம் கடையில் மேனேஜராக இருந்தார். 1981-இல் நியூயார்க்கில் அந்தக் குழுவின் கச்சேரிக்குப் போனவர், மேடையேறி ஒரு பாட்டுப் பாடினார். அவர்களுக்கும் பாடகர் தேவைப்பட்ட நேரம், சேர்த்துக்கொண்டார்கள். கடை வேலையை உதறிவிட்டுக் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டார். அப்போது அவருக்கு வயது 20.

குழு கலைந்த 1986 வரை ஊர் ஊராக வேனில் அலைச்சல். அதை டைரியில் எழுதிக்கொண்டே வந்தார். பதிப்பகங்களின் வாசலில் காத்திராமல், பிறந்த தேதியையே பெயராக வைத்து ‘2.13.61’ என்று சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். அந்த டைரியை அவரே வாசித்த ஒலிப்பதிவுக்கு 1995-இல் கிராமி விருது கிடைத்தது. அல் பசினோ, ராபர்ட் டி நிரோ படத்தில் சின்ன வேடம், டிவி தொடர்கள் என்று நடிப்பும் உண்டு. ஆனால் ஒற்றை ஆளாக மேடையில் நின்று மணிக்கணக்கில் பேசுகிறாரே, அந்த ரோலின்ஸைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

சொந்தப் பதிப்பகச் சேதிதான் எங்களை உசுப்பியது. “நாமே போடுவோம்டா” என்றார் அண்ணன். நம் கையெழுத்துப் பத்திரிகை, ஸ்டென்சில் தாளில் எழுதி மை உருட்டிப் பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் இதழானது அப்படித்தான். தை மாதக் குளிரில் தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்து கிடக்கும், மையும் இறுகிவிடும். டியூபைச் சமையற்கட்டு விறகடுப்புப் பக்கம் வைத்து இளக்கினால்தான் உருளையில் பரவும். சமையல்கார அண்ணாச்சி திட்டிக்கொண்டே இடம் விடுவார். ஸ்டென்சில் தாளில் எழுத்தாணியைக் கொஞ்சம் அழுத்தினாலும் ‘ண’வின் சுழி கிழிந்து, எல்லாப் பிரதியிலும் அந்த இடத்தில் மைப்பொட்டு விழும். மெஸ் சாப்பாட்டைப் பற்றியும் எழுதினோம், ஏரியில் சேரும் குப்பையைப் பற்றியும் எழுதினோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அண்ணன் இப்போது மெல்போர்னில் இருக்கிறார். பழைய இதழ்கள் சில அவரிடம் பத்திரமாக உள்ளன. உங்கள் பெட்டியிலும் ஏதாவது கிடந்தால் ஸ்கேன் எடுத்து நம் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்புங்கள். தொகுத்துப் புத்தகமாகப் போட அவரும் நானும் தயார்.