பெரியம்மாவின் கல்யாணப் படத்துக்கு ஓர் அட்டை

மேலூரில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. 1974-இல் கல்யாணமான புதிதில் மதுரைக்கு வந்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டது. பெரியப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பெரியம்மா நாற்காலியின் முதுகில் கை வைத்து நிற்பார். பக்கத்தில் உயரமான முக்காலி, அதன்மேல் பூச்சாடி. பின்னால் தூணும் திரைச்சீலையும் வரைந்த படுதா. அவர்களுடைய ஐம்பதாவது கல்யாண நாளுக்கு இந்தப் படத்தை வைத்துப் பழைய பாணியில் கையால் ஒரு பட அட்டை செய்து கொடுக்க முடிவு செய்தேன். காகிதக் கைவேலையில் எனக்குப் பல வருடப் பழக்கம் உண்டு. ஆனால் இந்த அட்டை கற்றுக்கொடுத்த அளவுக்கு வேறு எதுவும் எனக்குக் கற்றுக்கொடுத்ததில்லை.

முதல் சிக்கல் படமே. சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினால் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. மழைக்கால ஈரம் உள்ளே இறங்கினால் படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிளேடு விட்டு மெதுவாக எடுத்துவிடலாம் என்றார் அண்ணன். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படி உரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். காகிதம்தான் கையில் வரும். இதே நிலையில் ஒரு படம் உங்கள் வீட்டிலும் இருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படம் பிடிக்கலாம்.

அப்படித்தான் செய்தோம். சட்டத்தை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் சுவரோடு சாய்த்து வைத்து, கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்தோம். அண்ணன் சபரிமலைக்குக் கட்டும் கறுப்பு வேட்டியை எனக்குப் பின்னால் இரண்டு பேர் விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். எதிரே வெளிச்சமான பொருள் எதுவும் இல்லாவிட்டால் கண்ணாடியில் நிழலாட்டம் விழாது. கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளையும் என்பதால், நாலடி தள்ளி நின்று, கைபேசியில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தேன். பெரியம்மாவின் புடவைக் கரையில் இருந்த கட்டங்கள்கூடத் தெளிவாக விழுந்தன.

கணினியில் முகங்களின் மேல் இருந்த பூஞ்சைப் புள்ளிகளை மட்டும் எடுத்தேன். படுதாவில் இருந்த கறைகளையும் ஓர மடிப்பையும் அப்படியே விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் அது நேற்று எடுத்த படத்தைப் போல ஆகிவிடும். செயலிகளில் இருக்கும் 'செபியா' பொத்தானையும் நான் தொடவில்லை. அந்தக் காலத்தில் செபியா என்பது ஒரு வேதிவேலை. படத்தில் உள்ள வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றுவார்கள். நிறம் பழுப்பாகும், படமும் கூடுதல் காலம் நிலைக்கும். நம் ஊர் ஸ்டூடியோக்களில் எழுபதுகளில் எடுத்த படங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. கறுப்பு வெள்ளையாகப் பிறந்து, படத்தை நிலைநிறுத்தப் பயன்படும் ஹைப்போ ரசாயனம் சரியாகக் கழுவப்படாமல் தங்கிய இடங்களில் மட்டும் மெல்லப் பழுத்தவை. எங்கள் படமும் இந்த ரகம். ஆரஞ்சுப் பழுப்பை முழுக்க ஊற்றினால் அது பொய்யாகிவிடும். கறுப்பில் ஒரு சிறு வெதுவெதுப்பு போதும்.

பிரிண்ட் போடும்போது லேபில் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒன்று, கலர் கரெக்ஷன் வேண்டாம். இல்லாவிட்டால் இயந்திரம் தானாகவே அந்த மெல்லிய பழுப்பைத் திருத்திச் சாம்பலாக்கிவிடும். இரண்டு, பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் போதும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தால் பசையின் ஈரம் பட்டதும் மை கசியக்கூடும். அதற்காகவே நான் லேபுக்குப் போனேன்.

அட்டையின் அளவைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் சரித்திரம் உதவியது. படத்தைக் கெட்டி அட்டையில் ஒட்டும் வழக்கம் அலங்காரத்துக்காக வந்ததல்ல. 1850-இல் வந்த ஆல்புமின் தாள், முட்டை வெள்ளைக்கரு பூசிய மிக மெல்லிய தாள். தனியாக விட்டால் சுருண்டுகொள்ளும். அதனால் அட்டையில் ஒட்டினார்கள். 1854-இல் பாரிஸில் டிஸ்டெரி என்ற படப்பிடிப்பாளர் காப்புரிமை பெற்ற சிறிய அட்டைகள் சுமார் இரண்டரைக்கு நான்கு அங்குலம். 1860-களில் அதைவிடப் பெரிய 'கேபினட் கார்டு' வந்தது. நாலேகாலுக்கு ஆறரை அங்குலம். படத்துக்குக் கீழே மிஞ்சிய பட்டையில் ஸ்டூடியோவின் பெயர் இருக்கும். நம் ஊர் ஸ்டூடியோ அட்டைகளின் மூலையில் அமுக்கிப் பதித்த பெயர் அந்த வழியில் வந்ததுதான்.

மதுரைக்கும் இந்தச் சரித்திரத்தில் இடம் உண்டு. சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையைப் படமெடுத்தார். புது மண்டபமும் திருமலை நாயக்கர் மகாலும் விளக்குத்தூணும் அவர் படங்களில் இருக்கின்றன. நான் லேஸ் வாங்கப் போனதும் அதே விளக்குத்தூண் பக்கம்தான். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நிறுத்திய அந்தத் தூணைச் சுற்றி இன்று ஜவுளிக்கும் நாடாவுக்கும் பஞ்சமே இல்லை.

கேபினட் அளவையே எடுத்துக்கொண்டேன். பிறகுதான் பொருள் தேடும் படலம். கைவேலைக் கடைகளில் 'விண்டேஜ்' என்று எழுதி விற்கும் காகிதக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் ஈபிள் கோபுரமும் ரோஜாவும் ஆங்கிலக் கூட்டெழுத்தும் வெளிநாட்டுத் தபால்தலையும்தான் வருகின்றன. காகிதம் என்னவோ நல்ல காகிதம். ஆனால் மேலூர்ப் பெண் ஒருத்தி காசுமாலை போட்டு நிற்கும் படத்துக்குப் பக்கத்தில் ஈபிள் கோபுரத்துக்கு என்ன வேலை? பழமை என்பது எந்த ஊரின் பழமை என்று கேட்காமல் அலங்கரிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் படத்துக்கு வேண்டியவை எங்கள் வீட்டிலும் மாசி வீதிகளிலுமே கிடைத்தன.

முதலாவது, பெரியம்மாவின் பழைய சுங்குடி. அரக்கு நிறம், கிழிந்து துணிப்பொட்டலமாகி டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த உண்மையான சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் லேசாகக் குவிந்து நிற்கும். இரண்டு புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. அச்சுச் சுங்குடியில் அது வராது. இரண்டாவது, சரிகை நாடா. புது மண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் பார்த்துவிட்டு, கடைசியில் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் மங்கலான பொன்னிறத்தில் விரல் அகல நாடா எடுத்தேன். புதுச் சரிகையின் மினுக்கம் படத்தின் கறுப்பைத் தின்றுவிடும். "பழசு மாதிரி இருக்கும் சரக்கு வேண்டும்" என்று கேட்டதும் கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே கீழ்த்தட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது, சிலந்திவலை அச்சு விழுந்த பட்டர் பேப்பர். பழைய ஆல்பங்களில் பக்கத்துக்குப் பக்கம் நடுவே படபடக்குமே, அதேதான். அதை வைத்திருந்தவர் பைண்டிங் கடை அண்ணாச்சி.

அந்தப் பைண்டிங் கடையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கடை ஓர் ஆள் நுழையும் அகலம்தான். கணக்கு நோட்டு, பழைய பாடப்புத்தகம், கோயில் ரசீதுக் கட்டு என்று கூரை வரை அடுக்கியிருக்கும். வேண்டிய அளவைச் சொன்னதும் பைண்டிங் அட்டையை வெட்டித் தந்துவிட்டு, "எதை ஒட்டப் போகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "முன்பக்கம் ஒரு தாள் ஒட்டினால் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டணும் தம்பி. இல்லாவிட்டால் அட்டை வளையும்" என்றார். ஈரமான பசை தாளை நீட்டுகிறது; காயும்போது தாள் சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. எதிர்ப்பக்கத்திலும் அதே இழுப்பு இருந்தால் அட்டை நேராக நிற்கும். தாளுக்கு ஓட்டம் உண்டு என்பதையும் காட்டினார். ஒரு தாளை இரு திசையிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் சுலபமாக வளையும். மடிப்பு அந்தத் திசையோடு போக வேண்டும். எதிர்த்து மடித்தால் விளிம்பு பிசிறும்.

அவருடைய பசை மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் சேர்த்தது. பூச்சி அண்டாது. அட்டைக்கும் துணிக்கும் அதைவிடச் சிறந்த பசை இல்லை. ஆனால் மயில்துத்தம் படத்தின் பக்கம் போகக் கூடாது. காலப்போக்கில் தாளை அரித்துவிடும். எனவே வெளிவேலைக்கு மட்டும் அவரிடம் ஒரு டப்பா வாங்கிக்கொண்டேன். படத்தை எதிலும் ஒட்டவே இல்லை.

வடிவம் இதுதான்: புத்தகம்போல் திறக்கும் இரண்டு அட்டைகள், முதுகில் சுங்குடி, உள்ளே வலப்பக்கம் படம், அதன்மேல் விழும் பட்டர் பேப்பர். சுங்குடியை நேராக ஒட்டினால் பசை துணியின் வழியே மேலே கசிந்து கறையாகும். அதனால் முதலில் துணியின் பின்னால் ஒரு மெல்லிய தாளை, கெட்டியான பசையை மிகக் குறைவாகத் தடவி ஒட்டிக் காயவிட்டேன். அதன்பின் துணி காகிதத்தைப் போலவே கத்தரிக்கு அடங்கியது. சித்திரை வெயிலில் மதுரையில் பசை தடவுவதற்குள் காய்ந்துவிடுகிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு விடியற்காலையில்தான் வேலை செய்தேன். ஒட்டியதும் இரு பக்கமும் வெள்ளைத் தாள் வைத்து, மேலே அம்மிக்குழவியைக் கிடத்தி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு எடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் கஷ்டம்.

படத்தைப் பிடிக்க மூலைகள் செய்தேன். ஓர் அங்குல அகலம், இரண்டு அங்குல நீளத்தில் கறுப்புத் தாள் துண்டு. இரு நுனிகளையும் நடுவே சேரும்படி கீழ்நோக்கி மடித்தால் முக்கோணம் வரும். படத்தின் மூலையை உள்ளே செருகி, முக்கோணத்தின் முதுகில் மட்டும் பசை தொட்டு அட்டையில் வைத்தால் போதும். நாளை யாராவது படத்தை எடுத்து ஸ்கேன் செய்ய நினைத்தால் ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வரும்.

அலை அலையாக ஓரம் வெட்டும் கத்தரி என்னிடம் இருக்கிறது. இந்தப் படத்துக்கு அதை எடுக்கவில்லை. வெள்ளைக் கரையும் அலை ஓரமும் ஐம்பது, அறுபதுகளில் சிறு கேமராவில் எடுத்த சின்னப் படங்களின் அடையாளம். ஸ்டூடியோ அட்டைக்கு நேர்வெட்டுதான் பொருத்தம். டீ டிகாஷனில் தாளைத் தோய்த்துப் பழுப்பாக்கும் வேலையும் உறைக்கு மட்டும்தான். பால் சேர்க்காத கடும் டிகாஷனை ஆறவைத்து, பஞ்சால் தடவி, நிழலில் உலர்த்தினேன். டீயில் அமிலத்தன்மை உண்டு என்பதால் படத்தைத் தொடும் தாளில் அதைப் பயன்படுத்துவதில்லை. உறையின் நான்கு மூலைகளிலும் பத்திரிகைக்குத் தடவுவதுபோல் மஞ்சள் தடவினேன். வெளிச்சத்தில் மஞ்சள் வெளுத்துவிடும் என்று தெரியும். கல்யாணச் சேதி மஞ்சள் இல்லாமல் போகக் கூடாது, அவ்வளவுதான்.

சரிகை நாடாவைப் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தேன். கண் நேரே சரிகைக்குப் போனது. மூன்று பக்கத்தை எடுத்துவிட்டுக் கீழே ஒரே கோடாக வைத்ததும் இரண்டு முகங்களும் முன்னால் வந்துவிட்டன. மதுரை மல்லியைப் புத்தகத்தில் வைத்து உலர்த்திச் சேர்க்கலாமே என்று மதினி யோசனை சொன்னார். மல்லி உலர்ந்தால் கரும்பழுப்பாகிவிடும், பூச்சியையும் அழைத்துவரும் என்று சொல்லி விட்டுவிட்டோம்.

கீழ்மூலையில் ஸ்டூடியோ பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பொய்யாக ஒரு ஸ்டூடியோவைக் கற்பிக்க மனம் வரவில்லை. 'மேலூர் 1974' என்று எழுத்துகளைக் கெட்டித் தாளில் வெட்டி எடுத்துவிட்டு, அந்த அச்சை எழுத்து இடவலம் மாறித் தெரியும்படி திருப்பிப் போட்டு, அதன்மேல் அட்டையின் மேல்தாளைக் கவிழ்த்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் முனையால் பின்னாலிருந்து அழுத்தினேன். முன்பக்கம் எழுத்து மேடாக எழும்பியது. இதை ஒட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கடைசியாக, பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் யார், எங்கே, எப்போது என்று எழுதி, கீழே பாதிப் பக்கம் வெறுமையாக விட்டேன்.

கல்யாண நாளன்று சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தேன். பெரியம்மா பட்டர் பேப்பரைத் தூக்கியதும் முதலில் பார்த்தது தன் முகத்தை அல்ல, கழுத்தை. "இந்தக் காசுமாலை என்னுடையது இல்லையப்பா. என் அக்காவினுடையது. படத்துக்காகக் கழற்றிக் கொடுத்தாள்" என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத செய்தி அது. பெரியப்பா, படம் எடுத்தது மறுவீட்டுக்கு வந்தபோது என்றார். இல்லை, ஆடிக்கு அழைத்துப் போனபோது என்று பெரியம்மா சாதித்தார். அண்ணன்மார் ஆளுக்கொரு கட்சி எடுத்துக்கொண்டார்கள். அரைமணி நேரம் போனது. கடைசியில் பெரியம்மா அட்டையைத் திருப்பி என் முன்னால் வைத்து, பென்சிலைக் கையில் கொடுத்து, காசுமாலை யாருடையது என்பதையும், பூச்சாடியில் இருந்தவை காகிதப் பூக்கள் என்பதையும், நாள் விஷயத்தில் இரண்டு பேர் சொன்னதையும் எழுதச் சொன்னார். எழுதினேன். பாதிப் பக்கமும் நிறைந்துவிட்டது.