படுத்த மரம் எழுந்த கதை

2018 நவம்பர் 16 விடியும்போது எங்கள் தோப்புத் தென்னைகளில் பாதிக்கு மேல் படுத்துவிட்டன. கஜா புயல் போன பிறகு பேராவூரணிப் பக்கம் எல்லார் வீட்டுக் கதையும் இதுதான். மரம் அறுக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தவர் கேட்ட கூலி கட்டுப்படியாகவில்லை. சரி, நாமே அறுத்துக்கொள்ளலாம் என்று செயின் ஓடி மரம் அறுக்கும் பெட்ரோல் மெஷின் ஒன்று வாங்கினேன். லிட்டருக்கு எத்தனை மில்லி ஆயில் கலக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். எப்படி அறுப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நிற்கிற மரத்துக்குத்தானே பயப்பட வேண்டும், படுத்தது என்ன செய்துவிடும்? கொல்லையில் வேரோடு சாய்ந்து கிடந்த வேம்பு அதற்குப் பதில் சொன்னது. அதன் வேர்மண் ஓராள் உயரத்துக்குச் சுவர் மாதிரி எழும்பி நின்றது. பின்னால் பெரிய குழி. அந்த நிழலில் முளைக்குச்சி அடித்து அத்தை ஆட்டைக் கட்டியிருந்தார். மெஷின் சத்தத்துக்கு ஆடு மிரளுகிறது என்று அவிழ்த்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அடிமரம் அறுந்தது. அறுந்த கணமே அடிக்கட்டை நிமிர்ந்து எழுந்து, வேர்மண்ணோடு தொம்மென்று பழைய குழியிலேயே உட்கார்ந்துவிட்டது. அதைச் சாய்த்துப் பிடித்திருந்ததே மரத்தின் பாரம்தான். அதைத்தான் நான் அறுத்து விட்டிருக்கிறேன். முளைக்குச்சி எங்கே போனது என்றே தெரியவில்லை. அன்றைக்கு அப்புறம் மெஷினைத் தொடவில்லை.

மறுநாள் ஊரில் வயதான மரம்வெட்டி ஒருவரைத் தேடிப் போனேன். “மரம் எந்தப் பக்கம் விறைச்சுக்கிட்டு நிக்குதுன்னு மொதல்ல பாருங்க தம்பி” என்றார். இரண்டு முனையும் தரையில் தாங்கி நடுவில் தொங்கும் மரத்தில் மேல்பக்கம் நெருங்கியிருக்கும், கீழ்ப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்தே முழுக்க அறுத்தால் பார், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு, சிக்கிக்கொள்ளும். அதனால் மேலே மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் கீழிருந்து. கீழிருந்து அறுக்கும்போது செயின் மெஷினை நம் பக்கம் தள்ளும், காலை ஊன்றி நிற்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் எல்லாம் தலைகீழ்.

நிற்கும் மரம் வேறு கணக்கு. விழ வேண்டிய பக்கம் ஆப்பு மாதிரி ஒரு துண்டை வெட்டி வாய் எடுத்து, எதிர்ப்பக்கம் அறுத்து வரும்போது நடுவில் பருமனில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட வேண்டும். அதுதான் கீல், மரத்தைத் திசை மாறாமல் இறக்குவது அதுதான். சாயத் தொடங்கியதும் நேர் பின்னால் ஓடாமல் பின்பக்கமாகச் சாய்வாக விலக வேண்டும். அந்த வழியில் கிடக்கும் மட்டையை முன்பே ஒதுக்கிவிட வேண்டும். எனக்கு இதைவிடப் பயம் பாரின் மூக்கு, அதாவது முன்நுனி. அதன் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் முகத்துக்கே எகிறும். இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியே இருக்க வேண்டும். கைலி கட்டிக்கொண்டு இந்த வேலைக்கு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

அந்த வேப்பங்கட்டை மறுவருஷம் துளிர்த்தது. இப்போது அத்தை ஆட்டைக் கட்டுவது அதில்தான்.