டயர் சத்தமா, பேரிங் சத்தமா: வாரண்டி முடிய 850 கிலோமீட்டர் இருக்கும்போது நடந்த கதை

கிருஷ்ணகிரியில் வீடு, தர்மபுரியில் வேலை, தினமும் போக வர கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். மாங்காய் லாரிகள் வரிசைகட்டுகிற மாதம் என்பதால் என் காரில் கேட்ட உறுமலை முதலில் பக்கத்து லாரியின் சத்தம் என்றுதான் நினைத்தேன். லாரி போன பிறகும் சத்தம் போகவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஆரம்பித்து 80ல் 'ஊம்ம்' என்று காதை அடைக்கும். நான் செய்த புத்திசாலித்தனம், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டியது.

அப்புறம்தான் உறைத்தது. வண்டிக்குக் கூடுதல் பணம் கட்டி வாங்கிய வாரண்டி 4 வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. வருடம் பாக்கி இருந்தது, மீட்டரோ 79,000ஐத் தாண்டிவிட்டது.

முதலில் நானே சில சோதனைகள் செய்து பார்த்தேன். ஒரே வேகத்தில் போய்க்கொண்டே 5ஆம் கியரிலிருந்து 4க்கு மாற்றினேன்; என்ஜின் சுற்று ஏறியது, உறுமல் மாறவே இல்லை. அப்படியென்றால் என்ஜின் இல்லை, சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. (சிலர் நியூட்ரலில் போட்டுக் கேட்கச் சொல்வார்கள். நியூட்ரலில் தொப்பூர் கணவாய் இறங்கி விபத்தில் சிக்கிய லாரிகளின் கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் இறக்கத்தில் அந்த விளையாட்டு மட்டும் வேண்டாம்.) அடுத்து, நீளமான இடது வளைவுகளில் சத்தம் கூடியது, வலது வளைவில் குறைந்தது. இடதுபக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தின் மேல் சாய்கிறது, அதனால் சந்தேகம் வலதுபக்கத்துக்குப் போயிற்று. டயராகவும் இருக்கலாமே என்று முன் டயர்களைப் பின்னாலும் பின்னால் இருந்ததை முன்னாலும் மாற்றிப் போட்டேன். உறுமல் முன்பக்கத்திலேயே இருந்தது. அப்படியென்றால் டயர் இல்லை, சக்கரம் உராயாமல் சுழல நடுவில் இருக்கிற பேரிங்காக இருக்கலாம்.

காவேரிப்பட்டணத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டமே இல்லை. "அப்ப பேரிங் நல்லாத்தானே இருக்குண்ணா?" என்றேன். "ஆட்டம் வர்றது கடைசியிலதான், அதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடும்" என்று சொல்லிவிட்டு, என் கையை எடுத்து சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றினார். மாவு மில்லில் கல் மாட்டியதுபோல விரலில் ஒரு நறநறப்பு தெரிந்தது. இடதுபக்கம் அதே மாதிரி செய்தபோது ஒன்றுமே தெரியவில்லை. அன்றைக்குக் கற்றதிலேயே உருப்படியானது இதுதான்.

"மாத்தித் தந்துடவாண்ணா?" என்று அவர் கேட்டிருந்தால் நான் சரி என்றிருப்பேன். ஆனால் அவர், "நான் கழட்டினா வெளியில கை வச்சிருக்குன்னு சொல்லிடுவாங்க, நேரா கம்பெனி சர்வீஸுக்கு விடுங்க" என்றார். காசும் வாங்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் மீட்டர் 79,150. அங்கே புகாரைக் கேட்டு வண்டியை எடுத்துக்கொள்கிற அட்வைசர் டவுனுக்குள்ளேயே 40ல் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "டயர் நாய்ஸ் சார்" என்று முடிக்கப் பார்த்தார். 40ல் எனக்கும்தான் கேட்காது. கெஞ்சிக் கூத்தாடி நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போய், 80ல் ஒரு இடது வளைவில் திருப்பியபோது அவரே தலையைத் திருப்பி வலதுபக்கம் பார்த்தார். திரும்பி வந்ததும் புதுப் பாட்டு: "பேரிங் தேய்மானப் பொருள் சார், வாரண்டியில வராது."

நல்லவேளையாக வாரண்டி புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். வராது என்று என் புத்தகத்தில் போட்டிருந்தது பிரேக் பேட், கிளட்ச் தட்டு, வைப்பர், பல்பு, டயர் இவைதான். பேரிங் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அடிபட்டோ தண்ணீரில் மூழ்கியோ கெட்டிருந்தால் கிடையாது என்று இன்னொரு வரி இருந்தது, அவர் அதைப் பிடித்துக்கொண்டார். சரி, பாருங்கள் என்றேன். ரிம்மில் நெளிவு இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தார்கள், இல்லை. போன வருடம் பெரிய அலாய் வீல் மாட்டலாம் என்று எனக்கொரு ஆசை இருந்தது. மாட்டியிருந்தால் அதையே காரணமாகச் சொல்லியிருப்பார்கள்.

இதில் நான் விடாப்பிடியாக நின்றது ஜாப் கார்டு, அதாவது வண்டியின் புகாரை அவர்கள் எழுதிக்கொள்கிற தாள் விஷயத்தில். 'பொது சோதனை, சத்தம்' என்று எழுதியிருந்ததை மாற்றி, 'வலது முன் சக்கரம், 60க்கு மேல் உறுமல், இடது வளைவில் அதிகம்' என்று எழுத வைத்து, தேதியும் மீட்டரும் சரியாக இருக்கிறதா பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். வாரண்டியில் மாற்ற அனுமதி வர நாலு நாள் ஆயிற்று, அதுவரை பஸ்ஸில்தான் போனேன்.

என் வண்டியில் பேரிங்கை ஹைட்ராலிக் பிரஸ் வைத்துத்தான் தள்ளி எடுக்கவேண்டும். புதியதில் ஒருபக்கம் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) சென்சாருக்கான காந்த வளையம் இருக்கும், பக்கம் மாற்றிப் பொருத்தினால் டாஷ்போர்டில் விளக்கு எரியும் என்று அண்ணன் சொல்லியிருந்ததால், வண்டியை எடுத்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். எரியவில்லை. பேரிங்குக்கும் லேபருக்கும் பணம் இல்லை, சக்கரங்களை நேராக்குகிற அலைன்மென்ட்டுக்கு மட்டும் வாங்கினார்கள்.

அந்த உறுமல் போய்விட்டது. ஆனால் கான்கிரீட் ரோட்டில் ஏறினால் பின்னாலிருந்து மெல்லிசாக ஒரு 'ஙொய்' கேட்கிறது, தார் ரோட்டுக்கு வந்தால் நின்றுவிடுகிறது. ரோட்டுக்கு ரோடு மாறுகிறது என்றால் அது டயர்தான், பின்னால் மாற்றிப்போட்ட பழைய முன் டயர்கள். அட்வைசர் சொன்னதும் பாதி உண்மைதான் போல. அவரிடம் இதை நான் சொல்லவில்லை.